தில்லி வானொலியில் பல்லியம்

பல இசைக்கருவிகள் ஒரே சுருதியில் கூடி, ஒருவருடைய கைக்குறிப்புக்கு அடங்கி, ஓர் இசையை எழுப்புவதை மேனாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்பர். வாத்தியகோஷ்டி என்றும் சேர்ந்திசை என்றும் நாம் அதனைக் கூறிவருகிறோம். பழந்தமிழில் இதற்குப் பல்லியம் என்ற அழகிய சொல் இருந்தது. இயம் என்றால் இசைக்கருவி. பல இயங்கள் கூடியது பல்லியம். சங்கப் புலவர் ஒருவருக்கு நெடும்பல்லியத்தனார் என்பதே பெயராக வழங்கியது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கிலே குழலும் யாழும் தண்ணுமையும் முழவும் எந்த முறையில் ஒன்றையொன்று தொடர்ந்து ஒலித்தன என்பதை இளங்கோவடிகள் வரிசை பிறழாமல் கூறியிருக்கிறார்.

ஆனால் நேயர்களே, அந்த வரிசை நமக்குக் கிடைத்ததே தவிர, அன்று ஒலித்த இசை கிடைக்கவில்லை. எந்தக் கருவி எந்தக் கருவியைத் தொடர்ந்தது என்பதை அறிவோம். என்ன வாசித்தன என்பதை அறியோம். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தம் காலத்திலேயே பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் இறந்துபட்டன என்று வருத்தத்துடன் குறிக்கிறார். பல்லியம் ஒன்று பிறப்பதற்கு ஆர்வம் போதும். அது நிலைப்பதற்கு எழுத்தும் அமைப்பும் வேண்டும். இவ்வுண்மைக்குத் தலைநகராகிய தில்லியின் வானொலி வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. பலர் அறியாத அவ்வரலாற்றைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், மேனாட்டுப் பல்லியத்தின் மாலைக் கச்சேரி எத்தகையது என்பதைச் சற்றே காண்போம். ஐரோப்பிய இசை வரலாற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தை ரொமாண்டிக் காலம் என்று அழைப்பர். உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த காலம் அது. 1824ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் மாலை வியன்னா நகரில் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முதன்முதலாக இசைக்கப்பட்டபோது, அதை ஆக்கியவருக்குச் செவிப்புலன் முற்றிலும் மங்கியிருந்தது. 1830இல் பாரிஸ் நகரில் பெர்லியோஸ் தம் ஃபான்டாஸ்டிக் சிம்பொனியை அரங்கேற்றினார். பின்னர் பிராம்ஸ், சைக்காவ்ஸ்கி, துவோர்ஷாக் முதலியோர் வந்தனர். இவர்கள் காலத்தில் பல்லியம் வளர்ந்து பெரிதாயிற்று. அக்காலத்தின் இறுதியில், ஒரு பெரிய பல்லியத்தில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபிள் பாஸ் 8 என வில்லிசைக் கருவிகள் மட்டுமே 60 வரை இடம்பெறலாயின. இவற்றுக்குப் பின்னால் குழல்களும், கொம்புகளும், எக்காளங்களும், முரசுகளும் அமர்ந்தன.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ என்னும் துளைக்கருவி ஒரு சுரத்தை நீட்டி ஒலிக்கும். ஏனைய கருவிகள் அனைத்தும் அதற்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். நம் கச்சேரியில் தம்புரா நிற்கும் இடம் இது. ஆனால் தம்புரா கச்சேரி முடியும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும், ஓபோவோ சுரத்தைக் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். அந்தச் சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்டதாக இருக்க வேண்டும் என்று 1939ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்தது. பெரும்பாலும் முதலில் ஒரு முகப்பிசை வரும். அடுத்து, ஒரு வயலின் அல்லது பியானோ தனித்து முன்னிற்க, பல்லியம் அதனோடு வாதமும் உடன்பாடும் நிகழ்த்தும் கன்சர்ட்டோ வரும். இடைவேளைக்குப் பின் சிம்பொனி வரும். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகள் உடையது. ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டுவது இக்கால வழக்கமன்று; நான்கும் முடிந்த பிறகே அவை தன் பாராட்டைத் தெரிவிக்கும். கிருதிக்குக் கிருதி ஆரவாரம் செய்து பழகிய நமக்கு இந்த மௌனம் முதலில் விந்தையாகத் தோன்றும். நான்கு பகுதிகளும் ஒரே நெடும்பாடலின் உறுப்புகள் என்று எண்ணிக்கொண்டால் அதன் காரணம் விளங்கிவிடும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உறுப்புகளுக்கு இடையே நாமும் கைதட்டுவதில்லை அல்லவா?

இக்கச்சேரிகளை ஆக்கியோரிலும் நடத்தியோரிலும் பலர் பிறந்த ஊரைவிட்டு வெளியே வாழ்ந்தவர்கள் என்பது நம்போன்றோர் கருதத்தக்கது. பொஹீமியா நாட்டவராகிய துவோர்ஷாக் 1892இல் நியூயார்க் நகரத்து இசைக்கல்லூரித் தலைவராகச் சென்றார். அங்கே அவர் எழுதிய ஒன்பதாவது சிம்பொனி 1893 டிசம்பர் 16ஆம் நாள் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியது. 'புதிய உலகிலிருந்து' என்பது அதன் பெயர். அதன் இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் குழல் தனித்து இசைக்கும் மெதுவான மெட்டைக் கேட்பவர், அயலூரில் பிழைக்கச் சென்றவராயின், அதற்கு விளக்கம் கேட்கமாட்டார்.

ஜெர்மனியில் பிறந்த சார்லஸ் ஹாலே என்பாரும் இவ்வாறே 1848இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மான்செஸ்டர் நகரில் 1858இல் ஒரு பல்லியத்தை நிறுவினார். மான்செஸ்டர் என்றால் நம் முன்னோர்க்கு ஆலைத் துணியின் நினைவே வரும். நம் நாட்டுக் கைத்தறியாளரின் வயிற்றில் அடித்த அந்நகரமே, தன் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு சிறந்த இசைக்கழகத்தைப் போற்றி வளர்த்தது. வரலாற்றில் இத்தகைய முரண்கள் பல. ஹாலே மறைந்த பின், 1899 முதல் 1911 வரை அப்பல்லியத்தை நடத்தியவர் ஹான்ஸ் ரிக்டர். இவர் சாமானியர் அல்லர். பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனியை 1877இலும், மூன்றாம் சிம்பொனியை 1883இலும் வியன்னாவில் முதன்முதலாக நடத்தியவர் இவரே. சைக்காவ்ஸ்கியின் வயலின் கன்சர்ட்டோ 1881இல் அரங்கேறியபோது பல்லியத்தின் முன் நின்றவரும் இவரே. ரொமாண்டிக் கால இசை மரபு இவர் கைவழியாக மான்செஸ்டர் வந்து சேர்ந்தது எனலாம்.

ரிக்டரின் கீழ், 1900ஆம் ஆண்டு முதல், செல்லோ வாசித்தவர்களுள் ஒருவர் ஜான் ஃபோல்ட்ஸ். 1880இல் அதே மான்செஸ்டரில் பிறந்தவர். இவருடைய தந்தையாரும் அப்பல்லியத்தில் பாசூன் என்னும் குழல் வாசித்தவர். முதல் உலகப் போரில் மாண்டோர் நினைவாக ஃபோல்ட்ஸ் ஆக்கிய 'உலக இரங்கற்பா' என்னும் பேரிசை 1923 நவம்பர் 11ஆம் நாள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கூடி இசைக்க, அரங்கேறியது. 1926 வரை ஆண்டுதோறும் போர் நிறுத்த நாளன்று அது ஒலித்தது. இத்தகைய ஒருவர் தில்லி வானொலிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணமாக இருந்தவர் அவர் மனைவியார் மாட் மெக்கார்த்தி அம்மையார்.

இவ்வம்மையார் அயர்லாந்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே வயலின் மேதை என்று பெயர் பெற்றவர். கையில் ஏற்பட்ட நரம்பு நோயினால் வாசிப்பைக் கைவிட நேர்ந்தது. பிறகு, அன்னி பெசன்ட் அம்மையாருடன் 1907ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கு வந்து, தென்னாட்டு இசையை ஆர்வத்துடன் பயின்றார். இருபத்திரண்டு சுருதிகளையும் குரலால் வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் பெற்றார். லண்டனுக்குத் திரும்பியபின் 1912இல் அங்குள்ள இசையறிஞர் சங்கத்தில் இந்திய இசையின் கருத்துகளைப் பற்றி உரை நிகழ்த்தினார். ஆக, பின்னாளில் தில்லியில் நிகழ்ந்த ஒரு முயற்சியின் விதைகளுள் ஒன்று நம் தென்னாட்டில் ஊன்றப்பட்டது என்பதை நினைத்து நாம் மகிழலாம்.

ஃபோல்ட்ஸும் மெக்கார்த்தி அம்மையாரும் 1935இல் இந்தியாவுக்கு வந்தனர். அதே ஆண்டில்தான் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர், இந்நாட்டின் ஒலிபரப்பை அமைப்பதற்காக வந்து சேர்ந்தார். தில்லி நிலையம் 1936 ஜனவரி முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் ஏற்பட்டது. அப்போது நிலையம் நாடாளுமன்றச் சாலையில் இல்லை. பழைய தில்லிக்கு வடக்கே, அலிப்பூர் சாலையில் ஒரு வீட்டில் இயங்கியது. 1937இல் ஃபோல்ட்ஸ் அந்நிலையத்தின் ஐரோப்பிய இசை இயக்குநராக நியமனம் பெற்றார். மேனாட்டு இசையைப் பற்றி வானொலியில் தொடர்ந்து உரைகள் நிகழ்த்தினார். இவையெல்லாம் அவருக்கு இடப்பட்ட பணிகள். அவர் தாமே மேற்கொண்ட பணி வேறு.

சித்தார், சரோட், சாரங்கி, புல்லாங்குழல், தபலா முதலிய நம் நாட்டுக் கருவிகளைக் கொண்டே ஒரு பல்லியம் அமைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். இதிலுள்ள இடர்ப்பாடுகளை நாம் எளிதில் உணரலாம். நம் வித்வான்கள் செவிவழி பயின்றவர்கள். குருவின் முன் அமர்ந்து, கேட்டதைத் திரும்ப வாசித்து, ஆண்டுக்கணக்கில் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டவர்கள். தாளில் எழுதியதைக் கண்ணால் கண்டவுடன் கையால் வாசிப்பது அவர்கள் அறியாத வழக்கம். மேலும், ஒரு ராகத்தை விரிக்கும்போது அடுத்த கணம் எங்கே செல்வது என்பதை நம் கலைஞர் அக்கணத்திலேயே முடிவு செய்கிறார். அவ்வுரிமையே அவர் கலையின் உயிர். பத்துப் பேர் கூடி வாசிக்கும்போது பத்துப் பேரும் அவ்வுரிமையைக் கையாண்டால் இசை பிறக்காது, இரைச்சலே பிறக்கும். ஃபோல்ட்ஸ் பொறுமையுடன் அவர்களுக்குச் சுரக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்; அவர்களுக்கென்றே புதிய இசைகளை எழுதினார்; அவற்றை வானொலியில் ஒலிக்கச் செய்தார். கீழ்நாட்டு, மேனாட்டுக் கருவிகளை ஒன்றுசேர்த்து ஒரு சிம்பொனியும் எழுதினார்.

அவர் நம் இசையின் தன்மையைப் புறக்கணித்தவர் அல்லர் என்பதற்கு ஹார்மோனியம் பற்றிய செய்தி சான்று. 1938இல் 'இந்தியன் லிசனர்' என்னும் வானொலி ஏட்டில் அவர் ஹார்மோனியத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். பன்னிரண்டு கட்டைகளுக்குள் சுரங்களை அடைத்துவிடும் அப்பெட்டி, சுரத்துக்குச் சுரம் குழைந்து செல்லும் இந்திய இசைக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். மேனாட்டிலிருந்து வந்த ஒரு கருவியை மேனாட்டார் ஒருவரே நம் இசையின் பொருட்டு எதிர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இரவீந்திரநாத தாகூரும் அக்கருவியை விரும்பாதவர். 1940 மார்ச் முதல் நாளிலிருந்து வானொலியில் ஹார்மோனியம் விலக்கப்பட்டது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அத்தடை நன்றா தீதா என்பதில் இசைவாணரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. கச்சேரி மேடைகளிலும், நம் நாடக மேடைகளிலும், பஜனைக் கூடங்களிலும் அப்பெட்டி தன் இடத்தை இழக்கவில்லை. எனினும் ஒரு செல்லோ வித்வானின் செவி, முப்பது ஆண்டுக் காலம் இந்திய ஒலிபரப்பின் போக்கையே மாற்றுவதற்குத் துணைசெய்தது.

தில்லியில் அப்பல்லியம் உருப்பெற்று வருகையில், கல்கத்தா நிலையத்திலும் அவ்வாறே ஒன்றை அமைக்கும்படி ஃபோல்ட்ஸ் அங்கே அனுப்பப்பட்டார். 1939 ஏப்ரல் மாதத்தில் கல்கத்தா சென்ற சில நாட்களிலேயே காலரா நோய் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 58. மெக்கார்த்தி அம்மையார் துறவு பூண்டு, ஓமானந்த புரி என்ற பெயருடன் வாழ்ந்து, 1967இல் மறைந்தார்.

ஃபோல்ட்ஸ் இந்தியாவில் எழுதிய இசையேடுகளுள் பெரும்பகுதி மறைந்துபோயின. கீழையையும் மேலையையும் இணைத்த அந்தச் சிம்பொனியும் கிடைக்கவில்லை. அவர் இங்கிலாந்தில் எழுதிய 'உலக இரங்கற்பா' எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2007 நவம்பரில், அதே ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் ஒலித்தது. ஏடு இருந்தது, ஆதலால் இசை மீண்டது. தில்லியில் எழுதியவற்றுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மாதவியின் அரங்கேற்றத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. இன்ன கருவிகள் கூடி இசைத்தன என்று அறிகிறோம்; இசையைக் கேட்கும் வழி இல்லை. முன்னதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பின்னதற்குச் சில ஆண்டுகளே போதுமானவையாயின.

இதே காலத்தில் பம்பாயில் நிகழ்ந்ததையும் இங்கு ஒப்பிட்டுக் காண்பது நலம். பொஹீமியாவில் பிறந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசையறிஞர், ஹிட்லரின் ஆட்சி பரவிய காலத்தில் ஐரோப்பாவை விட்டு 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியின் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பேற்றார். அதிகாலையில் நிலையம் விழித்தெழுவதை அறிவித்துத் தம்புராவும் வயலினும் ஒலிக்கும் ஆகாசவாணியின் அடையாள இசையை ஆக்கியவர் இவரே என்பது பரவலாக வழங்கும் செய்தி. இவர் பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, வடநாட்டு ராகங்களைப் பற்றியும் தென்னாட்டு ராகங்களைப் பற்றியும் தனித்தனியே பெருநூல்கள் வெளியிட்டார். பம்பாயில் இவருக்குத் துணை நின்ற பார்சி வயலின் வித்வான் மேலி மேத்தா, 1935இல் பம்பாய் சிம்பொனிப் பல்லியத்தைத் தோற்றுவித்தவர். ஆனால் மேத்தாவும் 1955இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரின் ஹாலே பல்லியத்திலேயே சேர்ந்தார். ஃபோல்ட்ஸ் புறப்பட்ட இடத்துக்கு மேத்தா போய்ச் சேர்ந்தார். அவர் மகன் சுபின் மேத்தா நியூயார்க், இஸ்ரேல் முதலிய இடங்களின் பெரும் பல்லியங்களை நடத்தி உலகப் புகழ் பெற்றார். வித்தை இங்கே இருந்தது, ஆர்வமும் இருந்தது. ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்து, நாள்தோறும் ஒத்திகைக்கு இடம் கொடுத்து, அத்தனை பேரையும் ஒருங்கே வைத்துக் காப்பதற்கான அமைப்பு இல்லை. அதனால் வித்தை உள்ளவர் வெளியேறினர்.

விடுதலைக்குப் பிறகு அவ்வமைப்பைத் தர முன்வந்தது மீண்டும் வானொலியே. 1952இல் தில்லி நிலையத்தில் வாத்ய விருந்தம் என்னும் தேசியப் பல்லியம் ஏற்பட்டது. செய்தி ஒலிபரப்பு அமைச்சராக டாக்டர் பி. வி. கேஸ்கர் பொறுப்பேற்ற ஆண்டும் அதுவே. வாத்ய விருந்தத்தின் முதல் நடத்துநர்கள் இருவர். ஒருவர் சித்தார் மேதை பண்டிட் இரவிசங்கர். மற்றவர் நம்மவர், வயலின் வித்வான் டி. கே. ஜெயராமய்யர். வடக்கும் தெற்கும் ஒரே கூடத்தில் அமர்ந்தன. சரோடுக்கு அருகில் வீணையும், தபலாவுக்கு அருகில் மிருதங்கமும் ஒலித்தன. பின்னர், புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ், வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி, திரையிசை அமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் ஆகியோர் அப்பணியில் ஈடுபட்டனர்.

இதன் இசை பிராம்ஸின் இசையைப் போன்றது அன்று. மேனாட்டுப் பல்லியத்தில் ஒரே நேரத்தில் வேறுவேறு சுரங்கள் அடுக்கடுக்காக எழுந்து, அவை கூடும் கூட்டில் உணர்ச்சி பிறக்கிறது. நம் ராகமோ ஒற்றை இழையாக ஓடுவது. அதன் வளைவிலும் குழைவிலும் உணர்ச்சி பிறக்கிறது. எனவே நம் நடத்துநர்கள், ஒரே மெட்டைக் கருவி மாற்றிக் கருவியாகக் கொடுத்தும், ஒரு கூட்டம் வினாவ மறு கூட்டம் விடையிறுக்கச் செய்தும், தாளக் கருவிகளின் தனியாவர்த்தனத்தை அமைப்புக்குள் கொணர்ந்தும், ராகத்தின் தூய்மை கெடாமல் பன்மையைக் காட்ட முயன்றனர். இம்முயற்சி முழு வெற்றி என்று கூறியவர் உண்டு; நம் இசைக்குப் பல்லியம் ஒவ்வாது என்று கூறியவரும் உண்டு. இருவரும் மறுக்க முடியாத ஒன்று உண்டு. ஒரு நடத்துநர் விலகியபோது மற்றொருவர் வந்தார், பல்லியம் கலையவில்லை. ஃபோல்ட்ஸின் பல்லியத்துக்கும் மேத்தாவின் பல்லியத்துக்கும் கிடைக்காத பேறு அது.

எழுத்தைப் பற்றியும் கூற வேண்டும். அமைப்பு மனிதரைக் காக்கிறது; எழுத்து இசையைக் காக்கிறது. இதனை நம் தமிழகத்தில் முன்னரே உணர்ந்த ஒருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்தவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மேனாட்டு இசையிலும் கருநாடக இசையிலும் பயிற்சி பெற்றவர். தியாகராஜ சுவாமிகளின் கிருதிகள் செவிவழியே சிதைந்து வருவதைக் கண்டு, அவற்றை ஐந்து கோடுகளின்மேல் எழுதும் ஐரோப்பியச் சுரக்குறிப்பில் பதிக்கத் துணிந்தார். 1892இல் அவர் தம் நூலை வெளியிடத் தொடங்கினார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியதும் அவ்வாண்டிலேயே. ஒருவர் ஏட்டுச்சுவடியிலிருந்த தமிழை அச்சுக்குக் கொணர்ந்தார். மற்றவர் தொண்டையிலும் விரலிலும் மட்டுமே இருந்த இசையைத் தாளுக்குக் கொணர்ந்தார். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலை ஏற்றவர்களுள் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தலையாயவர். அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவந்து, முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை நமக்குக் காத்துத் தந்தது. அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்த ஒருவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் தொடங்கிய பணி அது என்பதை மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றும் நேயர்கள் மனத்தில் கொள்ளலாம்.

எழுத்தும் அமைப்பும் ஒருங்கே வாய்த்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. பண்ணைபுரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சுரக்குறிப்பைக் கற்றார். திரையிசைக் கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்தார். 2025 மார்ச் 8ஆம் நாள் மாலை, லண்டன் நகரில், அவர் எழுதிய 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் பல்லியம் மிக்கேல் டாம்ஸின் நடத்துகையில் அரங்கேற்றியது. அப்பல்லியம் 1946இல் நிறுவப்பட்டது. எத்தனையோ தலைமுறைக் கலைஞர்கள் அதில் வந்து சென்றுவிட்டனர். தமிழ் அறியாத அந்த வாத்தியக்காரர்கள், தமிழர் ஒருவர் எழுதிய தாளை விரித்து வைத்து வாசித்தனர். அமைப்பு அங்கே காத்திருந்தது. எழுத்து இங்கிருந்து சென்றது.

ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக எழுந்த காலத்திலிருந்து, அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் அங்கே இருக்கிறது. குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி எழுந்தருளியுள்ள மலை மந்திர் 1973இல் குடமுழுக்குக் கண்டது. தஞ்சையிலும் நெல்லையிலும் பாடப்பட்ட பாட்டுகள் அக்குடியிருப்புகளின் சிறு கூடங்களில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டன. மாற்றல் உத்தரவு வந்ததும், ஓய்வு பெற்றதும், அக்குடும்பங்கள் வெளியேறின; வேறு குடும்பங்கள் வந்தன. பம்பாயில் மாதுங்காவிலும், கல்கத்தாவிலும், பெங்களூரிலும் நம்மவர் வாழ்வு இத்தகையதே. ஓர் ஊரில் நிலையாக இராத மக்களின் கலை, கலைஞரோடு பெயர்ந்துவிடும் இயல்புடையது.

ஆகவே, வாய்ப்பு நேரும்போது ஒரு மாலைப் பொழுதில் சிம்பொனிக் கச்சேரி ஒன்றைக் கேட்டு வாருங்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியவர் எழுதிய இசை, அவர் கண்டிராத ஊரில், அவர் அறிந்திராத கைகளால், சுரம் பிறழாமல் மீண்டும் எழுவதைக் கேளுங்கள். பின்பு உங்கள் சங்கத்திலும் சபையிலும் சேர்ந்து பாடும் குழுவுக்கென ஒருவர் மெட்டமைத்தால், அதைச் சுரப்படுத்தி எழுதச் செய்யுங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் அதன்மேல் குறித்து, ஒரு படியைச் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். வீட்டு அலமாரியில் பாட்டியாரின் பாட்டு நோட்டு இருந்தால், அதைப் பழைய தாள்காரரிடம் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அலிப்பூர் சாலை வீட்டில் ஒலித்த பல்லியத்தை இனி எவரும் நமக்குத் திருப்பித் தர இயலாது. நம் கையில் உள்ளவற்றையாவது அந்த வரிசையில் சேராமல் காக்கலாம்.